போட்ட பாதையும் காட்டு வழியும்

2011 ஜனவரியில் இன்டெல் நிறுவனம் ‘சாண்டி பிரிட்ஜ்’ குடும்பத்து மேசைக்கணினிச் செயலிகளை வெளியிட்டது. அவற்றில் தலையாயது கோர் ஐ7-2600கே. அதில் நான்கு கோர்கள். உச்ச வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ். ஆறு ஆண்டுகள் கழித்து, 2017 ஜனவரியில், அதே வரிசையில் ஐ7-7700கே வந்தது. அதிலும் நான்கே கோர்கள். உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். அன்றாட நிரல்களை ஓட்டிப் பார்த்தால் புதியது பழையதைப்போல இரு மடங்கு வேகத்தைக்கூட எட்டவில்லை. அதே காலத்தில் கைபேசிக்குள் நடந்தது வேறு. 2010-இல் வந்த ஐபோன் 4-இன் ஏ4 சில்லில் இருந்தது ஒரே ஒரு கோர். 2016-இல் வந்த ஐபோன் 7-இன் ஏ10 சில்லில் நான்கு கோர்கள், 330 கோடி டிரான்சிஸ்டர்கள், 64 பிட் கட்டமைப்பு. இரண்டின் வளர்ச்சியையும் ஒரே வரைபடத் தாளில் போட்டால் ஒரு கோடு மலைச்சரிவாக ஏறும். மற்றது ஏரிக்கரையாக நீண்டு கிடக்கும். அளவுகோலை வைத்து இரண்டையும் அப்படியே முன்னால் நீட்டினால், இன்னும் சில ஆண்டுகளில் கைபேசி மேசைக்கணினியைப் பல மடங்கு தாண்டிப் போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதற்கான விடையில்தான் இந்த இரு செயலிகளின் வரலாறும் அடங்கியிருக்கிறது. ஒரு செயலி வளரும் வேகம், அது அறிவின் எல்லைக்கு எவ்வளவு பின்னால் நின்று தொடங்கியது என்பதைத்தான் முதலில் சொல்கிறது. பிறர் வெட்டிப் போட்ட பாதையில் நடப்பவர் விரைந்து நடப்பார். பாதை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் யாராக இருந்தாலும் நடை தளரும்.

முதலில் மேசைக்கணினியின் கணக்கைப் பார்ப்போம். கணினிக் கட்டமைப்புத் துறையின் அடிப்படைப் பாடநூலை எழுதியவர்கள் ஜான் ஹென்னெசியும் டேவிட் பாட்டர்சனும். 2017-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டவர்கள். அந்த நூலில் அவர்கள் ஒற்றைச் செயலியின் வேகம் ஆண்டுக்கு எவ்வளவு உயர்ந்தது என்பதைக் காலப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். 1986 முதல் 2003 வரை ஆண்டுக்கு 52 விழுக்காடு. அதன்பின் 2011 வரை 23 விழுக்காடு. 2011 முதல் 2015 வரை 12 விழுக்காடு. அதற்குப் பின் 3.5 விழுக்காடு. விழுக்காடாகப் படிக்கும்போது இதன் கனம் தெரியாது. இரட்டிப்பாகும் காலமாக மாற்றினால் தெரியும். 52 விழுக்காட்டில் வேகம் இருபதே மாதங்களில் இரு மடங்காகும். 12 விழுக்காட்டில் அதற்கு ஆறு ஆண்டுகள் வேண்டும். 3.5 விழுக்காட்டில் இருபது ஆண்டுகள். முப்பது ஆண்டுகளுக்குள் மாதக் கணக்கு ஒரு தலைமுறைக் கணக்காகிவிட்டது.

இனி கைபேசி. 2007-இல் வந்த முதல் ஐபோனில் இருந்தது 412 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ஏஆர்எம்11 வகைச் செயலி. 2013-இல் ஏ7 சில்லை அறிமுகப்படுத்தியபோது, அது முதல் ஐபோனைப்போல 40 மடங்கு வேகமுடையது என்று ஆப்பிள் அறிவித்தது. 2016-இல் ஏ10 வந்தபோது அந்தக் கணக்கு 120 மடங்கு ஆயிற்று. விற்பவர் சொல்லும் கணக்கு என்பதால் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்தே படிக்க வேண்டும். ஆனாலும் வளர்ச்சியின் போக்கைக் காட்ட அது போதும். ஒன்பது ஆண்டுகளில் 120 மடங்கு என்றால் ஆண்டுக்குச் சராசரியாக 70 விழுக்காடு. மேசைக்கணினி தன் பொற்காலத்தில் கண்ட 52 விழுக்காட்டையும் இது மிஞ்சுகிறது. ஆனால் இந்தச் சராசரிக்குள் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. முதல் ஆறு ஆண்டுகளில் 40 மடங்கு என்பது ஆண்டுக்கு 85 விழுக்காடு. அடுத்த மூன்று ஆண்டுகளில் 40 என்பது 120 ஆனது. அதாவது மூன்றே மடங்கு, ஆண்டுக்கு 44 விழுக்காடு. கோடு ஏறிக்கொண்டிருந்த நாட்களிலேயே வளையவும் தொடங்கிவிட்டது.

இந்த 120 மடங்கு எங்கிருந்து வந்தது? கடிகார வேகம் 412 மெகாஹெர்ட்ஸிலிருந்து ஏறத்தாழ 2.3 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்ந்தது. அது தந்தது ஆறு மடங்குக்கும் குறைவு. மிச்சமுள்ள இருபது மடங்குக்கு மேல் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் கூடுதலாக வேலை செய்ததால் வந்தது. அதற்குக் கைபேசிப் பொறியாளர்கள் கையாண்ட உத்திகளை வரிசைப்படுத்தினால், மேசைக்கணினியின் வரலாற்றை வேகமாக ஓடவிட்டுப் பார்ப்பது போலிருக்கும். ஏஆர்எம்11 ஒரு துடிப்புக்கு அதிகபட்சம் ஓர் ஆணையைத் தொடங்கும். 1989-இன் இன்டெல் 486 இருந்த நிலை அது. 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ்-க்கு வந்த கார்டெக்ஸ்-ஏ8, ஆணைகளை எழுதிய வரிசையிலேயே இரண்டிரண்டாக நிறைவேற்றியது. 1993-இன் பென்டியம் செய்தது அதைத்தான். 2011-இன் ஏ5 சில்லில் இருந்த கார்டெக்ஸ்-ஏ9 வரிசையை மாற்றி, தரவு கைக்கு வந்த ஆணையை முன்னே விட்டு, காத்திருக்கும் ஆணையைப் பின்னே நிறுத்தக் கற்றுக்கொண்டது. அது 1995-இன் பென்டியம் புரோவின் வித்தை. 2013-இன் ஏ7 ஒரே துடிப்பில் ஆறு ஆணைகளைப் பிரித்தறியும் அகலத்தை எட்டியது. அதே ஆண்டின் இன்டெல் ஹாஸ்வெல் செயலிக்கு அந்த அகலம் நான்கு. 486-இலிருந்து அந்த நான்கு ஆணை அகலத்தை முதன்முதலில் எட்ட மேசைக்கணினிக்குப் பதினேழு பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. கைபேசி ஆறே ஆண்டுகளில் அதை நடந்து முடித்தது.

இங்கே மேசைக்கணினியை முதல் பாதை போட்டவராக நிறுத்திவிட்டால் கதை முழுமையாகாது. ஆணைகளை வரிசை மாற்றி ஓட்டும் முறையை ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டொமசுலோ 1967-இல் சிஸ்டம்/360 மாடல் 91 என்னும் பெருங்கணினிக்காக வகுத்தார். நினைவகத்துக்கும் செயலிக்கும் நடுவே கேச் என்னும் சிறு களஞ்சியத்தை வைக்கும் உத்தி 1968-இல் அறிவிக்கப்பட்ட மாடல் 85-இல் வந்தது. அறையை அடைத்து நின்ற அந்த இயந்திரங்கள் கண்ட உத்திகள், ஒரே சில்லில் போதுமான டிரான்சிஸ்டர்கள் அடங்கும் காலம் வரும்வரை காத்திருந்து, 1989-இலும் 1995-இலும் மேசைக்கு இறங்கின. 2011-க்குள் சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்தன. ஆக, மேசைக்கணினியின் 52 விழுக்காட்டுப் பொற்காலத்திலும் பெரும்பங்கு தன் முன்னோர் போட்ட பாதையில் நடந்ததால் கிடைத்தது. பாதை பெருங்கணினியில் தொடங்கி, மேசை வழியாகக் கைக்கு வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் அதில் நடந்த காலத்தில்தான் அவரவர் கோடு செங்குத்தாக ஏறியது.

அப்படியானால் மேசைக்கணினி எந்த இடத்தில் பாதையின் முனையை அடைந்தது? அதற்கு ஆண்டு உண்டு: 2004. அதுவரை சில்லுத் தொழிலைத் தாங்கி நின்றவை இரண்டு விதிகள். கார்டன் மூர் 1965-இல் சொல்லி 1975-இல் திருத்திக்கொண்டபடி, ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இது பலரும் அறிந்தது. அதைவிடப் பெரிய உதவி செய்தது ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் அவர் தோழர்களும் 1974-இல் விளக்கிய உறவு. டிரான்சிஸ்டரின் அளவைச் சுருக்கும்போது அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்தால், நெருக்கமாக அடுக்கி வேகமாக ஓட்டினாலும் ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் சூடு கூடாது. செயலி செலவிடும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கடிகார வேகத்தோடும் பெருகுவது. 486 ஓடியது 5 வோல்ட்டில். பென்டியம் 4 காலத்தில் அது 1.4 வோல்ட்டை ஒட்டி வந்துவிட்டது. வர்க்கக் கணக்கில் இந்த ஒரு குறைப்பே பன்னிரண்டு மடங்குக்கு மேல் மிச்சம். அந்த மிச்சத்தை எல்லாம் பொறியாளர்கள் கடிகார வேகத்தில் செலவழித்தார்கள். ஆனால் மின்னழுத்தத்தை ஒரு வோல்ட்டுக்குக் கீழே தொடர்ந்து தள்ள முடியவில்லை. தள்ளினால் மூடிய டிரான்சிஸ்டர் முழுவதும் மூடாமல், சரியாக அடைக்காத குழாயாக மின்னோட்டத்தைக் கசியவிடுகிறது. பென்டியம் 4 வடிவமைப்பு 10 கிகாஹெர்ட்ஸை எட்டும் என்று பேசிய இன்டெல், 2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸில் நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தைக் கைவிட்டது. 1989-இன் 25 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2004-இன் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை பதினைந்து ஆண்டுகளில் ஏற்றம் 152 மடங்கு. 2024-இல் இன்டெல் விற்ற மிக வேகமான மேசைச் செயலியின் உச்சம் 6.2 கிகாஹெர்ட்ஸ். இடைப்பட்ட இருபது ஆண்டுகளின் ஏற்றம் 1.6 மடங்கு.

முதல் ஐபோன் வந்தபோது இந்தச் சுவர் ஏற்கெனவே எழுந்து நின்றது. ஆனால் கைபேசி அதிலிருந்து வெகு தொலைவில் இருந்தது. அதன் செயலி 90 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் இன்டெல் 45 நானோமீட்டருக்குப் போய்விட்டது. கடிகார வேகத்தில் மேசைக்கணினி ஏழு மடங்கு முன்னால் இருந்தது. ஆகவே கைபேசிக்குச் சுருக்கவும் இடம் இருந்தது, வேகத்தைக் கூட்டவும் இடம் இருந்தது, கற்றுக்கொள்ள முன்னவர் வகுத்த பாடமும் இருந்தது. இவற்றோடு பணமும் சேர்ந்தது. 2013-இல் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்கள் 100 கோடியைத் தாண்டின. கணினி விற்பனையோ 2011-இல் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. சில்லு ஆலைகளின் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கான முதலீட்டைக் கைபேசிகள் ஈட்டித் தந்தன.

மேலே சொன்ன வாதம் சரியா என்று பார்க்க ஒரு நேரடியான சோதனை உண்டு. கைபேசிச் செயலிக்குள் மேசைக்கணினியிடம் இல்லாத தனிச்சிறப்பு ஏதோ இருந்து, அதனால்தான் அது வேகமாக வளர்ந்தது என்றால், எல்லையை எட்டிய பிறகும் அதே வேகம் நீடிக்க வேண்டும். பாதையின் புண்ணியம்தான் என்றால், பாதை முடிந்ததும் வேகம் குறைய வேண்டும். ஆப்பிள் தன் முதன்மைச் செயலிகளைப் பற்றி, முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டுச் சொன்ன எண்களையே எடுத்துக்கொள்வோம். 2015-இல் 70 விழுக்காடு. 2016-இல் 40. 2017-இல் 25. 2018-இல் 15. 2019-இல் 20. 2023-இன் ஏ17 புரோவுக்கு அந்த நிறுவனமே கோரியது 10 விழுக்காடுதான். அந்தச் சில்லு 3 நானோமீட்டர் என்னும் புத்தம்புது முறையில், 1,900 கோடி டிரான்சிஸ்டர்களோடு செய்யப்பட்டது. முன்பு மேசைக்கணினியின் 52 என்பது 23 ஆகி 12 ஆன அதே இறக்கம், கைபேசியில் பத்து ஆண்டுகளுக்குள் சுருங்கி நடந்திருக்கிறது. ஏற்றத்தில் காட்டிய விரைவை இறக்கத்திலும் காட்டியிருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மேசைக்கணினி தேங்கியதற்கு இயற்பியலைக் காரணம் காட்டுவது ஒரு நிறுவனத்தின் அசட்டைக்குச் சாக்கு சொல்வதாகும் என்பார்கள். 2011-இல் இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டி கொண்டுவந்த ‘புல்டோசர்’ வடிவமைப்பு தோற்றது. போட்டியில்லாத இன்டெல் ஆறு ஆண்டுகள் நான்கு கோர்களோடு நின்றது. 2017 மார்ச்சில் ஏஎம்டி எட்டுக் கோர் ரைசனோடு திரும்பி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல்லுக்கு ஆறு கோர்கள் சாத்தியமாயின, அடுத்த ஆண்டு எட்டு. 2019-இல் ஏஎம்டி அதே தரச் சந்தையில் பதினாறு கோர்களை வைத்தது. இயற்பியல் அந்த இரண்டு ஆண்டுகளில் மாறிவிடவில்லையே? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதோடு இன்டெல்லின் 10 நானோமீட்டர் முறை ஆண்டுக்கணக்கில் தாமதமானதால், அதன் மேசைச் செயலிகள் 2015 முதல் 2021 வரை 14 நானோமீட்டரிலேயே கிடந்தன. தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் செய்யப்பட்ட கைபேசிச் சில்லுகளோ அதற்குள் 10, 7, 5 எனப் படியிறங்கின. இந்த எண்கள் இப்போது எந்த நீளத்தையும் நேரடியாக அளப்பவை அல்ல, தலைமுறையின் பெயர்கள் மட்டுமே என்றாலும், டிஎஸ்எம்சி முந்தியது உண்மை.

ஆனால் போட்டி வந்தபின் துள்ளி ஏறியது எது என்று பார்க்க வேண்டும். ஏறியது கோர்களின் எண்ணிக்கை. ஒரு கோர் செய்யும் வேலை அதே கடிகார வேகத்தில் தலைமுறைக்கு 15 விழுக்காடு, 19 விழுக்காடு என்றுதான் உயர்ந்தது என்பதை ரைசனை வடிவமைத்த ஏஎம்டியே அறிவித்தது. கோர்களைப் பெருக்குவதன் பயனுக்கும் வரம்பு உண்டு. ஜீன் அம்டால் 1967-இல் காட்டியபடி, ஒரு நிரலில் பத்தில் ஒரு பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே நடந்தாக வேண்டியது என்றால், ஆயிரம் கோர்களைக் கொடுத்தாலும் அந்த நிரல் பத்து மடங்குக்கு மேல் விரைவுபடாது. ஆலை பிந்தியதால்தான் தேக்கம் என்ற வாதத்துக்கும் கைபேசியே பதில் சொல்கிறது. ஆலையின் புதிய தலைமுறைகள் தடையின்றிக் கிடைத்த 2017, 2018, 2019 ஆகிய ஆண்டுகளிலேயே அதன் வளர்ச்சி 25, 15, 20 என்று இறங்கியிருந்தது. கிடங்கில் இருக்கும் நெல் எவ்வளவு சீக்கிரம் சந்தைக்கு வரும் என்பதைப் போட்டி தீர்மானிக்கும். வயல் எவ்வளவு விளையும் என்பது மண்ணையும் மழையையும் பொறுத்தது. இன்டெல் பூட்டிவைத்திருந்தது உண்மை. பூட்டைத் திறந்த பிறகும் 52 விழுக்காடு திரும்பி வரவில்லை என்பதும் உண்மை.

இரண்டாவது மறுப்பு அளவையைப் பற்றியது. கைபேசியில் ஓடும் பெஞ்ச்மார்க் சோதனை சில நொடிகளில் முடிவது. மேசைக்கணினி மணிக்கணக்கில் உழைப்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விசிறி இல்லாத, உள்ளங்கையில் பிடிக்கும் பொருளிலிருந்து தொடர்ந்து வெளியேறக்கூடிய சூடு சில வாட்டுகள்தான். அதற்கு மேல் போனால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேசைச் செயலிக்கு நூறு, இருநூறு வாட்டுகள்கூடக் கொடுக்கலாம். எனவே உச்ச வேகத்தில் சமம் என்பதை உழைப்பில் சமம் என்று படிக்கக் கூடாது. ஆனால் இந்த மறுப்பு நம் வாதத்தைக் குலைக்கவில்லை. சரியான கேள்வியை எடுத்துக் கொடுக்கிறது. சூடுதான் இருவருக்கும் சுவர் என்றால், ஒப்பிட வேண்டிய அளவு மின்சாரத்தின் ஒவ்வோர் அலகுக்கும் கிடைக்கும் வேலை.

அந்த அளவில் பார்க்கும்போது மூன்றாவது மறுப்பு எழுகிறது. கைபேசி வெறுமனே எட்டிப் பிடித்ததா, முந்தவும் செய்ததா? 2020 நவம்பரில் கைபேசிச் சில்லின் வழிவந்த ஆப்பிளின் எம்1 சில்லு மடிக்கணினிக்குள் போயிற்று. 3.2 கிகாஹெர்ட்ஸில், விசிறியே இல்லாத ஒரு மடிக்கணினியில் இருந்துகொண்டு, ஒற்றைக் கோர் சோதனைகளில் 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடிய மேசைச் செயலிகளோடு தோள் உரசியது. போட்ட பாதையில் மட்டும் நடந்தவர் பாதை போட்டவரைத் தாண்ட முடியாதே என்று கேட்கலாம். இங்கே கைபேசி தன் வறுமையால் கற்ற பாடம் வேலை செய்தது. உச்சத்துக்கு அருகில் கடிகார வேகத்தை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். அழுத்தம் வர்க்கமாகவும் வேகம் ஒரு மடங்காகவும் பெருக்குவதால், செலவு ஏறத்தாழ மும்மடிப் பெருக்கமாகிறது. திருப்பிப் பார்த்தால், வேகத்திலும் அழுத்தத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பவருக்குச் செலவு வெகுவாகக் குறையும். பேட்டரியை நம்பி வாழ்ந்த கைபேசிப் பொறியாளர்களுக்கு வேறு வழியில்லை. அவர்கள் துடிப்பின் வேகத்தை அடக்கி, ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலையை அகலமாக்கினார்கள். எம்1-இன் ஒரு பெரிய கோர் ஒரே துடிப்பில் எட்டு ஆணைகளைப் பிரித்தறியும். முன்னவரின் பாதை முடிந்த இடத்திலிருந்து அவர்கள் தாங்களே வெட்டிய வழி இது.

இது முதல் முறையும் அல்ல. 2004-இல் பென்டியம் 4 சுவரில் முட்டி நின்றபோது இன்டெல்லைக் காப்பாற்றியது அதன் இஸ்ரேல் பொறியாளர்கள் மடிக்கணினிக்காக வடிவமைத்து 2003-இல் வெளிவந்த பென்டியம் எம். அதன் வழியில் 2006-இல் பிறந்த கோர் 2 டுவோ, 3 கிகாஹெர்ட்ஸுக்கும் குறைவான வேகத்தில், 65 வாட்டில், பழைய 3.8 கிகாஹெர்ட்ஸ் செயலியைத் தோற்கடித்தது. பெரிய கோரையும் சிறிய கோரையும் ஒரே சில்லில் வைத்து வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் முறையை ஏஆர்எம் நிறுவனம் 2011-இல் கைபேசிக்காக அறிவித்தது. 2021-இல் இன்டெல் தன் மேசைச் செயலிகளிலேயே அதைப் பின்பற்றியது. பெருங்கணினியிலிருந்து கீழே இறங்கிய அறிவு இப்போது பேட்டரியில் ஓடும் கருவிகளிலிருந்து மேலே ஏறுகிறது. இரண்டு ஆறுகள் என்று நாம் எண்ணிப் பார்த்தவை ஒரே ஆற்றின் இரு கிளைகள். அவை மறுபடி கலந்துவிட்டன.

கலந்த இடம் எது என்பதுதான் இனி முக்கியம். இன்று கைபேசிச் செயலிக்கும் மேசைச் செயலிக்கும் முன்னால் பாடம் சொல்லித்தர வேறு யாரும் நடந்துகொண்டிருக்கவில்லை. அதனால் இனி வரும் ஒவ்வொரு பத்து விழுக்காடும், 2010-இல் கிடைத்த நூறு விழுக்காட்டைவிட அதிகமான புதிய சிந்தனையைக் கேட்கும். இதில் நிரல் எழுதுபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. செயலியின் வேகம் இருபது மாதங்களில் இரட்டித்த காலத்தில், மெத்தனமாக எழுதிய நிரலை அடுத்த சில்லு காப்பாற்றிவிடும் என்று விட்டுவிட முடிந்தது. இரட்டிக்க இருபது ஆண்டுகள் என்னும் காலத்தில் அந்த நிரலைக் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள். எழுதியவரே திருத்த வேண்டும். வாங்குபவருக்கும் இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2010-இல் வாங்கிய கைபேசி மூன்று ஆண்டுகளில் பழசாகிப்போனது அதன் அடுத்த தலைமுறைகள் பாய்ந்தோடியதால். இப்போது அந்தப் பாய்ச்சல் அடங்கிவிட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நல்ல கைபேசியின் செயலி இன்றும் தன் வேலையைச் செய்யும். பேட்டரியை மாற்றினால் போதும்.